ஸ்டார்லிங்க், உக்ரைன், எலான் மஸ்க்: போர்முனையின் சுவிட்ச் யார் கையில்?

வெட்டாறு எழுதியது:

ஸ்டார்லிங்க் பற்றி, அதாவது மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் நடத்தும் செயற்கைக்கோள் இணையம் பற்றி, செய்தி இழையில் நேற்று நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "மஸ்க் இல்லையென்றால் உக்ரைன் ஒரே மாதத்தில் விழுந்திருக்கும்" என்று ஒரு பக்கம், "மஸ்க் புதினின் ஆள்" என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ஆளைப் பற்றியே பேசியது. நடந்தது என்ன என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

2022 பிப்ரவரி 24 அதிகாலை, ரஷ்யப் படை எல்லை தாண்டுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, உக்ரைன் ராணுவமும் பயன்படுத்திவந்த வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையம் ஊடுருவலுக்கு உள்ளானது. செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் இருந்த மோடம்கள்தான் பல்லாயிரக்கணக்கில் செத்துப்போயின. அதே இணைப்பை நம்பியிருந்த ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது தனிக்கதை.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 26 அன்று, உக்ரைனின் துணைப் பிரதமரும் டிஜிட்டல் துறை அமைச்சருமான மிகைலோ ஃபெடோரோவ் ட்விட்டரில் மஸ்க்கை நேரடியாகக் கூப்பிட்டு ஸ்டார்லிங்க் கேட்டார். சுமார் பத்து மணி நேரத்தில் மஸ்க்கின் பதில் வந்தது: சேவை தொடங்கியாயிற்று, கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. 28ஆம் தேதி, பெட்டிகள் அடுக்கிய லாரியின் படத்தை ஃபெடோரோவ் போட்டார்.

ஒரு நாட்டின் அமைச்சர் போர்க்காலத் தகவல்தொடர்பை ஒரு ட்வீட்டில் கேட்கிறார், ஒரு தனியார் முதலாளி ட்வீட்டிலேயே கொடுக்கிறார். அன்று நாமெல்லாம் கைதட்டினோம். ஆனால் ராணுவப் பயன்பாடு எதுவரை, யார் எப்போது நிறுத்தலாம், நிறுத்தினால் யார் பொறுப்பு என்று எதையும் யாரும் எழுதி வாங்கவில்லை. அப்புறம் நடந்த எல்லாத் தகராறும் அந்த எழுதாத தாளிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி. மஸ்க் நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

---

ராக்கெட்ராஜா எழுதியது:

குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியுமா சார்? வீடு எரிகிறது, ஒருவன் தண்ணீர் லாரியோடு வருகிறான். அவனிடம் ஒப்பந்தம் கேட்பீர்களா?

உக்ரைனின் மரியுபோல் நகரில் அசோவ்ஸ்டால் இரும்பாலைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்ட வீரர்கள் வெளியுலகத்தோடு பேசியது எதன் வழியாக? ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிய ஸ்டார்லிங்க் வழியாக. சுற்றிலும் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. அப்போது எந்த அரசு வந்து இணைப்பு கொடுத்தது?

---

வெட்டாறு எழுதியது:

முதல் வாரத்தில் கேட்டிருக்க முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் ஸ்டார்லிங்குக்கு முறையாக ஒப்பந்தம் போட்டதை அறிவித்தது 2023 ஜூனில். நடுவே பதினைந்து மாதம் போயிருக்கிறது. பதினைந்து மாதமுமா லாரி வந்த அவசரம்?

---

பழைய சிக்னல் எழுதியது:

ராணுவ சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசியல் உங்களுக்கு. கருவி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் இந்த விவாதம் நகராது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பழைய செயற்கைக்கோள் இணையம் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் ஒன்றிரண்டு பெரிய செயற்கைக்கோள்களை நம்பியது. சிக்னல் போய்வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில், ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. தாமதம் மிகக் குறைவு. ட்ரோனிலிருந்து வரும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பீரங்கிக்குத் திருத்தம் சொல்ல அது போதும். உக்ரைனின் டெல்டா என்ற போர்க்கள வரைபட மென்பொருள் எல்லாம் இந்த வேகத்தில்தான் உயிர்வாழ்கிறது. எங்கள் காலத்தில் ஒரு இலக்கைக் கண்டவன் சொல்லி, நடுவில் இரண்டு பேர் வாங்கி, பீரங்கிக்காரன் காதில் விழுவதற்குள் இலக்கு டீ குடித்துவிட்டுப் போயிருக்கும்.

ஒரு கோளைக் குழப்பினாலும் சில நிமிடத்தில் அடுத்தது தலைக்கு மேல் வந்துவிடும். டிஷ்ஷின் கற்றையும் குறுகலானது, மேல்நோக்கிப் போவது. பக்கத்திலிருந்து மோப்பம் பிடிப்பது சுலபமில்லை. ஆனால் ரவுட்டரின் வைஃபை அப்படியல்ல, அது நாலாபக்கமும் பரவும். அதனால் விவரமான ஆட்கள் டிஷ்ஷை ஒரு குழி வெட்டி அதற்குள் வானம் பார்த்துப் படுக்கவைத்து, மேலே உருமறைப்பு வலை போட்டு, கேபிளைப் பதுங்குகுழிக்குள் இழுத்துக்கொள்வார்கள். வெள்ளைவெளேரென்ற அந்தத் தட்டு மேலே பறக்கும் ட்ரோனுக்குத் தெரிந்தால் அடுத்த குண்டு அங்கேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்லிங்க் நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் சேவை உண்டு, எதில் இல்லை என்பது மென்பொருளில் ஒரு வரி. ரஷ்யா பிடித்த பகுதியில் சேவையை மூடி வைத்தார்கள், ரஷ்யர்கள் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக. நியாயம். ஆனால் உக்ரைன் படை முன்னேறி ஒரு கிராமத்தைப் பிடித்தால், அந்தக் கிராமம் இன்னும் மூடிய கட்டத்தில்தான் இருக்கும். கம்பெனிக்குத் தகவல் போய், அவர்கள் திறக்கவேண்டும். அதற்கு முதலில், எங்கே முன்னேறப்போகிறோம் என்பதை ஒரு வெளிநாட்டுத் தனியார் கம்பெனிக்குச் சொல்லவேண்டும்.

எந்தத் தளபதிக்கு அது பிடிக்கும்?

---

மிளகாய்வற்றல் எழுதியது:

வாடகை வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுக்குள் இருக்கிற கதை. குளிக்கப்போவதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் குளிக்கவேண்டும் :)

---

பழைய சிக்னல் எழுதியது:

அதேதான். ஓனர் எதிர்வீட்டுக்காரனோடும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ராக்கெட்ராஜா எழுதியது:

ஆரம்பித்துவிட்டீர்களா? புதினோடு பேசினார் என்பதற்கு ஆதாரம் எங்கே?

---

நூலகவாசி எழுதியது:

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2022 அக்டோபரில் அரசியல் ஆய்வாளர் இயன் பிரெம்மர், புதினோடு பேசியதாக மஸ்க்கே தன்னிடம் சொன்னார் என்று எழுதினார். மஸ்க் மறுத்தார். ஒரே ஒருமுறை, அதுவும் பதினெட்டு மாதத்துக்கு முன், விண்வெளி பற்றிப் பேசியதாகச் சொன்னார். 2024 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், 2022 இறுதியிலிருந்து இருவருக்கும் தொடர்ந்து தொடர்பு இருந்ததாகச் செய்தி வெளியிட்டது. கிரெம்ளின் மறுத்தது. இதற்கு மேல் நாம் இங்கே உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது.

ஆனால் பகிரங்கமாக நடந்தது ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபர் 3, மஸ்க் ட்விட்டரில் ஒரு சமாதானத் திட்டம் போட்டு வாக்கெடுப்பு நடத்தினார். ரஷ்யா இணைத்துக்கொண்ட பகுதிகளில் ஐ.நா. மேற்பார்வையில் மறுதேர்தல், 2014இல் ரஷ்யா பிடித்த கிரீமியா தீபகற்பம் ரஷ்யாவுக்கு, கிரீமியாவுக்குத் தண்ணீர் உத்தரவாதம், உக்ரைன் நடுநிலை நாடு. உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி பதிலுக்கு ஒரு வாக்கெடுப்பு போட்டார்: உக்ரைனை ஆதரிக்கும் மஸ்க்கைப் பிடிக்குமா, ரஷ்யாவை ஆதரிக்கும் மஸ்க்கைப் பிடிக்குமா என்று. ஜெர்மனியில் இருந்த உக்ரைன் தூதர் மெல்னிக் இன்னும் நேரடியாகக் கெட்டவார்த்தையிலேயே முடித்துவிட்டார். தூதர்கள் அப்படிப் பேசுவது அபூர்வம்.

சமாதானம் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு தரப்பின் போர்முனை முழுக்கத் தன் டிஷ்ஷில் ஓடும்போது அவர் சொல்லும் சமாதானத் திட்டத்தை உங்கள் கருத்தோ என் கருத்தோ போல எடுத்துக்கொள்ள முடியுமா?

---

கருங்கடல் எழுதியது:

கிரீமியா விஷயத்தை யாரும் தொடவில்லையே. அதுதானே முக்கியம்.

2023 செப்டம்பரில் வால்டர் ஐசக்சன் எழுதிய மஸ்க் வாழ்க்கை வரலாறு வந்தபோது பெரிய ரகளை. முதலில் வெளியான பகுதியில், உக்ரைனின் ஆளில்லா வெடிகுண்டுப் படகுகள் கிரீமியாவின் செவஸ்தோபோல் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களை நோக்கிப் போகும்போது, கிரீமியா கடற்கரையில் ஸ்டார்லிங்கை மஸ்க் அணைக்கச் சொன்னார் என்று இருந்தது. பிறகு ஐசக்சனே திருத்தினார்: அங்கே சேவை முதலிலிருந்தே திறக்கப்படவில்லை, உக்ரைனியர்கள் திறந்திருப்பதாக நினைத்திருந்தார்கள், அவசரமாகத் திறக்கச் சொல்லிக் கேட்டார்கள், மஸ்க் மறுத்தார். மஸ்க்கும் அதையே சொன்னார். ஒப்புக்கொண்டிருந்தால் ஸ்பேஸ்எக்ஸ் ஒரு பெரிய போர்ச்செயலில் வெளிப்படையாக உடந்தையாகியிருக்கும் என்பது அவர் வாதம்.

இங்கே பாதிப் பேர் இன்னும் "நடுக்கடலில் அணைத்தார்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை.

நடந்ததைப் பாருங்கள், அதுவே போதுமான அளவு விசித்திரமானது. அதே புத்தகத்தின்படி, ஃபெடோரோவ் மஸ்க்குக்குச் செய்தி அனுப்பி, படகுகள் பற்றிய விவரத்தையும் சொல்லிக் கெஞ்சினார். மஸ்க் ரஷ்யத் தூதரோடு பேசியிருந்தார், கிரீமியாவைத் தாக்கினால் அணு ஆயுதப் பதிலடி வரும் என்ற பயத்தில் இருந்தார். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவனோடும் முப்படைத் தலைவர் மார்க் மில்லியோடும் பேசினார். ஒரு கம்பெனி முதலாளி ஒரே நேரத்தில் எதிரி நாட்டுத் தூதர், நட்பு நாட்டு அமைச்சர், சொந்த நாட்டுத் தளபதி மூவரோடும் பேசி, ஒரு கடற்படைத் தாக்குதல் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறார்.

2022 செப்டம்பரில் செவஸ்தோபோல் கரையில் ஒரு கறுப்புப் படகு ஒதுங்கியது. ஆளில்லை. நீளமான, தட்டையான உடல், முன்னால் வெடிக்கும் முனை, பின்பக்கம் தட்டையாக ஒரு ஸ்டார்லிங்க் டிஷ் மாதிரியான ஒன்று. படம் இணையம் முழுக்கச் சுற்றியது. ரஷ்யர்கள் அதைக் கடலுக்குள் இழுத்துப்போய் வெடிக்கவைத்தார்கள்.

---

ராக்கெட்ராஜா எழுதியது:

கருங்கடல் அண்ணே, நீங்களே சொல்லிவிட்டீர்கள், அணைக்கவில்லை, திறக்க மறுத்தார். இதில் சட்டமும் இருக்கிறது. கிரீமியா மீது அமெரிக்கத் தடை உத்தரவு இருந்தது. அரசு அனுமதியில்லாமல் அங்கே சேவை கொடுக்க முடியாது, அதிபர் உத்தரவு வந்திருந்தால் திறந்திருப்பேன் என்று மஸ்க் சொன்னார். பைடன் ஏன் உத்தரவு போடவில்லை? அவருக்கும் பயம். பழியை மட்டும் மஸ்க் தலையில் கட்டியாயிற்று.

---

வெட்டாறு எழுதியது:

இது நல்ல கேள்வி. என் கட்சிக்கு நீங்கள் ஆதரவாகப் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறதா? வெள்ளை மாளிகைக்கு வசதியாக இருந்தது. கிரீமியாவைத் தாக்க உதவினோம் என்றும் சொல்லவேண்டாம், தடுத்தோம் என்றும் சொல்லவேண்டாம். முடிவு ஒரு கம்பெனிக்காரன் எடுத்தது, நாங்கள் என்ன செய்ய? அரசுகள் சில சமயம் பொறுப்பைத் தொலைப்பதற்காகவே தனியாரிடம் வேலையைக் கொடுக்கும்.

1914 ஆகஸ்ட் 5, பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள் விடியற்காலை, அலர்ட் என்ற கேபிள் கப்பல் போய் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்தது. அந்த அறுப்புக்குப் பின்னால் ஒரு அரசின் உத்தரவு இருந்தது, பொறுப்பேற்க ஒரு மந்திரிசபை இருந்தது. நல்லதோ கெட்டதோ, பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தான்.

---

கருங்கடல் எழுதியது:

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த அணுப் பயம் என்ன ஆயிற்று? மஸ்க் மறுத்த கொஞ்ச நாளில், 2022 அக்டோபர் 29 அன்று, உக்ரைன் வேறு வழியில் செவஸ்தோபோல் துறைமுகத்தைப் படகு ட்ரோன்களாலும் வான் ட்ரோன்களாலும் தாக்கியது. 2024 பிப்ரவரியில் இவானோவெட்ஸ், சீசர் குனிகோவ், மார்ச்சில் செர்கெய் கோட்டோவ் என்று வரிசையாக ரஷ்யக் கப்பல்கள் மூழ்கின. ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையின் பெரும்பகுதி, ரஷ்யாவிலேயே உள்ள நோவரோசிஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கியது. அணுகுண்டு விழவில்லை. அன்று பயந்ததே தப்பு என்று சொல்ல மாட்டேன், நமக்கு முன்னால் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் எதிரியின் மிரட்டலை எடைபோடுவது உளவுத்துறையும் படைத்தலைமையும் செய்யும் வேலை.

---

நூலகவாசி எழுதியது:

கிரீமியாவை விட எனக்கு உறுத்துவது தெற்கு உக்ரைனில் உள்ள கெர்சன். 2025 ஜூலையில் ராய்ட்டர்ஸ் ஒரு நீண்ட செய்தி வெளியிட்டது. 2022 செப்டம்பர் இறுதியில் உக்ரைன் எதிர்த்தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, கெர்சன் உட்படச் சில பகுதிகளில் சேவையை நிறுத்த மஸ்க் உத்தரவிட்டதாகவும், குறைந்தது நூறு டிஷ்கள் இருண்டதாகவும், பெரிஸ்லாவ் ஊரில் ரஷ்யப் படையைச் சுற்றி வளைக்கும் முயற்சி அதனால் கெட்டதாகவும் அதில் இருந்தது. ஸ்பேஸ்எக்ஸ் தரப்பு செய்தி தவறானது என்றது.

அது உண்மையென்றால் இது கிரீமியா போல "திறக்க மறுத்தது" அல்ல. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியது. உக்ரைனின் சொந்த மண்ணில், படை முன்னேறும்போது. பெரிஸ்லாவை உக்ரைன் அப்புறம் நவம்பரில் மீட்டது, கெர்சன் நகரத்தோடு. நடுவில் எத்தனை ரஷ்ய வீரர்கள் தப்பித்து ஆற்றைக் கடந்தார்கள் என்பதை யார் எண்ணுவது?

---

ராக்கெட்ராஜா எழுதியது:

"அது உண்மையென்றால்" என்று நீங்களே போட்டுவிட்டீர்கள். கம்பெனி மறுத்திருக்கிறது. பெயர் சொல்லாத ஆட்களை வைத்து எழுதிய செய்தி.

---

நூலகவாசி எழுதியது:

அதனால்தான் போட்டேன். உண்மையா பொய்யா என்று சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. பதிவேடு முழுக்கக் கம்பெனியிடம். அரசாங்க டெலிகாம் நிறுவனம் என்றால் விசாரணைக் கமிஷன் போட்டாவது கேட்கலாம்.

---

மட்டுறுத்துனர்: இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மஸ்க்கின் குடும்ப விஷயத்துக்கும் இந்த இழைக்கும் சம்பந்தம் இல்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

"இலவசமாகக் கொடுத்தார்" என்று வரும் இடமெல்லாம் எனக்குக் கை அரிக்கும். கணக்கைப் பார்ப்போம்.

2022 ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 5,000 டிஷ்கள் போய்ச் சேர்ந்ததாக அறிவித்தது. அதில் 1,300க்கும் மேல் அரசுப் பணத்தில் வாங்கியவை, மீதி ஸ்பேஸ்எக்ஸ் நன்கொடை. போலந்து அரசு 20,000க்கும் மேல் வாங்கிக் கொடுத்தது, மாதச் சந்தாவும் கட்டியது. ஜெர்மனி, பிரிட்டன், தனியார் நன்கொடையாளர்கள், சொந்தக் காசில் வாங்கிய படைப்பிரிவுகள் என்று பட்டியல் நீளம். மொத்தம் இப்போது நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

2022 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் பென்டகனுக்கு ஒரு கடிதம் எழுதியது. இனி எங்களால் செலவைத் தாங்க முடியாது, நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அந்த வருடத்தின் மீதிக்கு 12 கோடி டாலருக்கு மேல், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 40 கோடி டாலர் ஆகும் என்று. அக்டோபரில் சிஎன்என் அதை வெளியே கொண்டுவந்ததும் மஸ்க், போகட்டும், இலவசமாகவே தொடர்கிறோம் என்று ட்வீட் போட்டார். அடுத்த ஜூனில் பென்டகன் ஒப்பந்தம் வந்தது.

ஆரம்ப வாரங்களில் அவர் காட்டிய வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கு விலையே கிடையாது. ஆனால் சந்தாவைக் கட்டியது ஊராருடைய வரிப்பணம். சுவிட்ச் மட்டும் அவருடையது.

---

விஸ்துலா எழுதியது:

வார்சாவில் ஐடி வேலையில் இருக்கிறேன். போலந்து பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

2025 மார்ச் 9 இங்கே யாருக்கும் மறக்காது. மஸ்க் எக்ஸ் தளத்தில், என் ஸ்டார்லிங்க்தான் உக்ரைன் ராணுவத்தின் முதுகெலும்பு, நான் அணைத்தால் முழுப் போர்முனையும் சரிந்துவிடும் என்று எழுதினார். எங்கள், அதாவது போலந்தின், வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி பதில் போட்டார்: வருடத்துக்கு சுமார் 5 கோடி டாலர் நாங்கள் கட்டுகிறோம், நம்பமுடியாத சப்ளையர் என்றால் வேறு ஆளைத் தேடுவோம் என்று. மஸ்க் அவரைச் சின்ன மனிதன் என்று சொல்லி வாயை மூடச் சொன்னார், ஸ்டார்லிங்குக்கு மாற்றே கிடையாது என்றும் சேர்த்தார். ஸ்டார்லிங்கை ஒருபோதும் அணைக்க மாட்டேன் என்றும் அன்றே சொன்னார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரூபியோவும் நடுவில் வந்து போலந்து நன்றி சொல்லவேண்டும் என்றார்.

ஆபீஸ் கேன்டீனில் அன்று அரசியல் பேசாதவர்கள்கூட இதைத்தான் பேசினார்கள். காசு கட்டும் வாடிக்கையாளரை, அதுவும் ஒரு நாட்டின் அமைச்சரை, இப்படிப் பேசும் கடைக்காரர் உண்டா என்று. அந்த நாட்களில் பிரெஞ்சுச் செயற்கைக்கோள் நிறுவனமான யூட்டெல்சாட்டின் பங்கு விலை பல மடங்கு ஏறியது. ஸ்டார்லிங்குக்குப் போட்டியான ஒன்வெப் அவர்களுடையது.

---

வெட்டாறு எழுதியது:

அதற்குச் சில வாரம் முன்புதான் ராய்ட்டர்ஸில், தன் கனிம வளம் பற்றி அமெரிக்கா கேட்ட ஒப்பந்தத்தில் உக்ரைன் கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்டார்லிங்க் போய்விடலாம் என்று அமெரிக்கப் பேச்சுவார்த்தைக்காரர்கள் சொன்னதாக வந்தது. மஸ்க் மறுத்தார். சரி, மறுப்பை அப்படியே ஏற்போம். ஆனால் அன்றைய நிலையை யோசியுங்கள். டிரம்ப் தேர்தலில் ஜெயிக்க இருபத்தைந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்தவர், ஜெயித்ததும் ஜெலன்ஸ்கியோடு டிரம்ப் பேசிய தொலைபேசி அழைப்பிலேயே இருந்தவர், அரசுத் துறைகளை வெட்டித் தள்ளும் பொறுப்பில் உட்கார்ந்தவர். ஸ்டார்லிங்க் பற்றி யாரும் ஒரு வார்த்தை மிரட்டவே வேண்டாமே. கீவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தானாகவே புரியாதா?

கணக்குப்பிள்ளை சொன்ன அதே யுஎஸ்எய்ட், உக்ரைனுக்குக் கொடுத்த ஸ்டார்லிங்க் டிஷ்கள் பற்றி ஒரு உள்தணிக்கை நடத்திக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தையே மஸ்க் ஆட்கள் இழுத்து மூடினார்கள். தணிக்கைக்காகத்தான் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு நூறு காரணம் இருந்தது. ஆனால் நடந்தது அப்படி.

---

மிளகாய்வற்றல் எழுதியது:

ஒரு சந்தேகம். ரஷ்யர்களும் ஸ்டார்லிங்க் வைத்திருந்தார்கள் என்று படித்தேனே, அது எப்படி? தடை இல்லையா?

---

பழைய சிக்னல் எழுதியது:

தடை உண்டு. கள்ளச்சந்தையும் உண்டு. 2024 பிப்ரவரியில் உக்ரைன் ராணுவ உளவுத்துறை, ஆக்கிரமிப்புப் பகுதியில் ரஷ்யப் படை ஸ்டார்லிங்க் பயன்படுத்துகிறது என்று பகிரங்கமாகச் சொன்னது. மூன்றாம் நாடுகளில் வாங்கிச் சுற்றிக் கொண்டுவந்தவை. எங்களுக்குத் தெரிந்து ரஷ்யாவுக்கு எதுவும் விற்கவில்லை என்றார் மஸ்க். அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம், கடையில் விற்ற பெட்டி எந்த ஊர் போகிறது என்று கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

முன்வரிசை என்பது கோடு கிடையாது. சில கிலோமீட்டர் அகலச் சாம்பல் பட்டை. அந்தப் பட்டையில் கட்டத்தைத் திறந்தால் இரண்டு பேருக்கும் கிடைக்கும், மூடினால் இரண்டு பேருக்கும் போகும். கட்டத்தை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது. எந்த டிஷ் யாருடையது என்று பெயர்ப்பட்டியல் வேண்டும்.

2026 தொடக்கத்தில் அதுதான் நடந்தது. ரஷ்யர்கள் தாக்கும் ட்ரோன்களிலேயே ஸ்டார்லிங்கைக் கட்டி அனுப்பத் தொடங்கினார்கள். ஓட்டுபவர் எங்கோ தொலைவில் உட்கார்ந்து, கடைசி நொடிவரை வீடியோ பார்த்து ஓட்டலாம், சிக்னலைக் குழப்பும் சாதாரண ஜாமர் எடுபடாது. பழைய ஃபெடோரோவ், இப்போது பாதுகாப்பு அமைச்சர், ஸ்பேஸ்எக்ஸோடு உட்கார்ந்து பேசினார். உக்ரைனில் இருக்கும் டிஷ்கள் அரசிடம் பதிவு செய்யப்பட்டு, பட்டியலில் இல்லாதவை முடக்கப்பட்டன. பிப்ரவரி முதல் தேதி மஸ்க், நடவடிக்கை பலித்ததுபோல் தெரிகிறது என்று எழுதினார். ரஷ்யப் போர்ப் பதிவர்கள் இணைப்பு போய்விட்டது என்று புலம்பினார்கள்.

---

ராக்கெட்ராஜா எழுதியது:

பார்த்தீர்களா! நான்கு வருடம் திட்டினீர்கள். கடைசியில் கேட்டதும் செய்து கொடுத்தார். இதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை?

---

கருங்கடல் எழுதியது:

நல்ல வார்த்தை தாராளமாக. ஆனால் ஒன்று யோசியுங்கள். ஒரு முடிவில் ரஷ்யாவின் ட்ரோன் திட்டமே தடுமாறியது என்றால், இந்த முடிவை 2024இல் எடுத்திருந்தால்? உக்ரைன் புகார் சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை ஸ்பேஸ்எக்ஸின் எந்த வாடிக்கையாளர் சேவை மையத்தில் போய்க் கேட்பது?

---

வெட்டாறு எழுதியது:

இந்தப் பட்டியல் ஏற்பாட்டைத்தான் நான் 2022இலேயே எதிர்பார்த்தேன். யார் பயன்படுத்தலாம் என்பதை இப்போது உக்ரைன் அரசு எழுதுகிறது. அமல்படுத்துவது கம்பெனி. பாதிச் சாவி கைமாறியிருக்கிறது.

---

பழைய சிக்னல் எழுதியது:

மீதிப் பாதி கெட்ட எண்ணம் இல்லாமலேயே கையைவிட்டுப் போகும் சார். 2025 ஜூலை 24 இரவு உலகம் முழுக்க ஸ்டார்லிங்க் சுமார் இரண்டரை மணி நேரம் படுத்துவிட்டது. உள் மென்பொருள் கோளாறு. போர்முனை நெடுக இணைப்பு போனது என்று உக்ரைனின் ட்ரோன் படைத் தலைவர் ப்ரோவ்டி எழுதினார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, சதி இல்லை. ஒரே கயிற்றில் முழுப் படையும் தொங்கினால் இப்படித்தான். எங்கள் பிரிவில் முதலில் சொல்லிக்கொடுப்பது, ரேடியோ போனால் கம்பி, கம்பி போனால் செய்தியோடு ஓடும் ஆள்.

---

தென்றல்75 எழுதியது:

ரொம்ப நாளாக வாசிப்பு மட்டும், இன்று எழுதுகிறேன். நம் பக்கமும் இது வந்துவிட்டதே? 2024 டிசம்பரில் மணிப்பூரில் ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் முத்திரை போட்ட டிஷ் ஒன்று பிடிபட்டது. அப்போது இந்தியாவில் சேவையே கிடையாது. இந்தியாவுக்கு மேல் கற்றைகள் அணைத்தே இருக்கின்றன, செய்தி பொய் என்று மஸ்க் எழுதினார்.

---

பழைய சிக்னல் எழுதியது:

டிஷ் பிடிபட்டது உண்மை. அது அங்கே வேலை செய்ததா என்பது வேறு கேள்வி. எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரில் ஸ்டார்லிங்க் ஏராளம், இணைய மோசடிக் கூடங்கள்வரை. 2025 அக்டோபரில் அப்படிப்பட்ட கூடங்களுக்கு அருகிலிருந்த 2,500க்கும் மேற்பட்ட டிஷ்களை முடக்கியதாக ஸ்பேஸ்எக்ஸே சொன்னது. நினைத்தால் டிஷ் வாரியாகப் பார்த்து முடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

---

மிளகாய்வற்றல் எழுதியது:

அப்போ மாற்று வழி என்னதான் இருக்கிறது? ஒன்வெப் போதாதா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒன்வெப்பிடம் 600க்கும் சற்று அதிகமான கோள்கள், 1,200 கிலோமீட்டர் உயரத்தில். ஸ்டார்லிங்கிடம் ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஒன்வெப் டிஷ் விலையும் அதிகம், அது கம்பெனிகளுக்கும் அரசுகளுக்கும் என்று செய்த சேவை, ஒரு படைப்பிரிவு கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும் சமாசாரம் அல்ல. ஐரோப்பா ஐரிஸ் ஸ்கொயர் என்று சுமார் 290 கோள்கள் கொண்ட சொந்தத் திட்டம் வைத்திருக்கிறது, 1,060 கோடி யூரோ. முழுதாக ஓட 2030 ஆகும் என்கிறார்கள். ஐரோப்பிய அரசுத் திட்டங்களின் காலக்கெடு பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மற்றபடி, கோளை மேலே அனுப்ப மலிவான ராக்கெட் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் அதே ஆளிடம்தான்.

---

நூலகவாசி எழுதியது:

உக்ரைனைப் பார்த்து முதலில் சுதாரித்தது தைவான். 2023 பிப்ரவரியில் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கடலடிக் கேபிள்களும் ஒரே வாரத்தில் அறுந்து, தீவுக்காரர்கள் வாரக்கணக்கில் இணையத்துக்குத் திண்டாடினார்கள். ஸ்டார்லிங்கோடு பேச்சு நடந்திருந்தது. ஆனால் உள்ளூர்ப் பங்கு பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்பது தைவான் சட்டம், ஸ்பேஸ்எக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு முறிந்தது. மஸ்க்கின் கார் நிறுவனமான டெஸ்லாவின் மிகப்பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று சீனாவின் ஷாங்காயில் இருக்கிறது என்பதையும் தைவான்காரர்கள் மறக்கவில்லை. 2023 நவம்பரில் தைவானின் சுங்வா டெலிகாம் ஒன்வெப்போடு ஒப்பந்தம் போட்டது. சொந்தக் கோள் திட்டமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைவு, செலவு அதிகம் என்று தெரிந்தே அந்த வழியில் போயிருக்கிறார்கள்.

---

ராக்கெட்ராஜா எழுதியது:

போர் வந்தால் தைவானும் ட்வீட்தான் போடும், பாருங்கள்.

---

வெட்டாறு எழுதியது:

போடலாம். பதில் பத்து மணி நேரத்தில் வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஷாங்காய் தொழிற்சாலை பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள், அதைத் தனி இழையாகவே ஆரம்பிக்கலாம்.